புதிய டெஸ்க்டாப் பிராசசர்களை ஓவர்கிளாக் செய்வதில் பலன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவர்கிளாக்கிங் செய்யும்போது உண்மையில் எது மாறுகிறது?

பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல் தொகை. ஒன்று, மதர்போர்டிலிருந்து வரும் அடிப்படைக் கடிகாரம். இன்றைய பிராசசர்கள் அனைத்திலும் ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று, பிராசசருக்குள் இருக்கும் மல்டிபிளையர். மல்டிபிளையர் 53 என்றால் கோர் (பிராசசருக்குள் கணக்குகளைச் செய்யும் பகுதி) 5.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். இந்த எண்களில் ஒன்றை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேல் உயர்த்துவதுதான் ஓவர்கிளாக்கிங். வேகம் கூடும்போது டிரான்சிஸ்டர்கள் குறைந்த நேரத்துக்குள் நிலைமாற வேண்டியிருப்பதால், பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்த நேரிடுகிறது. செலவும் சூடும் ஆபத்தும் இந்த இரண்டாவது மாற்றத்தின் வழியாகத்தான் வருகின்றன.

ஒரு காலத்தில் இதனால் பெரிய லாபம் கிடைத்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?

முழுக்க உண்மை. 1998இல் வந்த செலரான் 300ஏ இதற்குச் சிறந்த சான்று. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் (அன்றைய அடிப்படைக் கடிகாரம்), 4.5 என்ற மல்டிபிளையரோடு, 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சிப் அது. பஸ்ஸை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அதுவே 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் 128 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகம்) சிப்புக்குள்ளேயே அமைந்து கோரின் முழு வேகத்தில் இயங்கியதால், அன்றைய மிக விலை உயர்ந்த பென்டியம் 2க்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய திறன் மலிவு விலையில் கிடைத்தது. 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5-2500கே சிப்பின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், நடுத்தரமான காற்றுக் கூலர் ஒன்றை வைத்துக்கொண்டே பலர் அதை 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டு சென்றார்கள்.

அந்தக் காலத்தில் உற்பத்தியாளர்கள் சிப்பின் உண்மையான எல்லைக்கு வெகு கீழே வேகத்தை நிர்ணயித்து விற்றார்கள். மீதமிருந்த இடைவெளியைத்தான் பயனர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2008இல் இன்டெல் தன் நெஹாலம் சிப்களில் டர்போ பூஸ்டைக் கொண்டுவந்த பிறகு அந்த இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கியது. இன்றைய பிராசசர் தன் வெப்பநிலை, மின்னோட்டம், வாட் அளவு ஆகியவற்றைத் தானே நொடிக்குப் பல முறை அளந்து, இடம் இருக்கும் வரை வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. 2023 அக்டோபரில் வந்த கோர் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 6.0 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. முன்பு நாம் கையால் செய்த வேலையைத் தொழிற்சாலையே செய்து, அதற்கான விலையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இன்றைய நிலை.

சோதித்துத் தரம் பிரித்த சிப்களை விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சிலிக்கான் லாட்டரி என்ற நிறுவனம் 2021இல் கடையை மூடியது. ஓவர்கிளாக்கிங்கில் மீதி இருக்கும் இடம் குறைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

அப்படியானால் ஒரு புதிய சிப்பில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வேகத்தை மட்டும் கையால் உயர்த்தினால், உயர்நிலைச் சிப்களில் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் கிடைக்கும், அதிலும் கீழ்ப்பகுதி. மின்சார வரம்பை இறுக்கிக் கட்டி விற்கப்படும் சிப்களில் மட்டும் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 9700எக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. எட்டு கோர்கள் கொண்ட இந்தச் சிப் 65 வாட் வகையில் வைக்கப்பட்டது; சாக்கெட்டுக்குச் செல்லும் மின்சாரத்தின் உச்சவரம்பு 88 வாட். எல்லா கோர்களும் ஒருசேர உழைக்கும் ரெண்டரிங், வீடியோ என்கோடிங் போன்ற வேலைகளில் இந்த வரம்பு அதன் கையைக் கட்டிப்போடுகிறது. பின்னர் வந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பில் ஏஎம்டியே 105 வாட் தெரிவு ஒன்றைச் சேர்த்தது. அந்த ஒரு தெரிவை மாற்றினாலே அத்தகைய வேலைகளில் வேகம் கூடுவதைக் காணலாம். ஆனால் அதே சிப்பில் கேம் ஆடுபவருக்கு இந்த மாற்றத்தால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அநேகமாக இராது, ஏனெனில் கேம்கள் 88 வாட்டை எட்டுவதே அரிது.

எனவே “இந்தச் சிப் எவ்வளவு ஓவர்கிளாக் ஆகும்?” என்று கேட்பதற்கு முன், “என் வேலையில் இந்தச் சிப்பை இப்போது எது தடுக்கிறது?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. மின்சார வரம்பு, வெப்பம், மெமரி, கிராபிக்ஸ் கார்டு ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் விடையாக இருக்கும்.

எந்தச் சிப்களும் எந்த மதர்போர்டுகளும் இதற்கு இடம் தருகின்றன?

இன்டெல்லில் பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து உள்ள சிப்பும், இசட் வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டும் சேர்ந்தால்தான் கோரின் மல்டிபிளையரை உயர்த்த முடியும். பி வரிசை போர்டுகளில், 2021இல் வந்த பி560 முதல், மெமரியின் வேகத்தை மட்டும் உயர்த்தலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 12ஆம் தலைமுறை முதல் கே இல்லாத சிப்களில் மெமரிக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தம் பூட்டப்பட்டிருப்பதால், மிக வேகமான மெமரி வாங்கிப் போட்டாலும் அது முழு வேகத்தில் ஓடாமல் போகலாம்.

ஏஎம்டியின் சாதாரண ரைசன் சிப்கள் பெரும்பாலும் பூட்டின்றியே வருகின்றன. எக்ஸ் வரிசை, பி வரிசை ஆகிய இரண்டு வகைப் போர்டுகளிலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ520, ஏ620 போன்ற ஏ வரிசையில் கோர் ஓவர்கிளாக்கிங் கிடையாது. விலை அடிப்படையில் ஒப்பிடும்போது ஏஎம்டிக்குச் சாதகமாக இருக்கும் பெரிய அம்சம் இதுவே.

எக்ஸ்3டி வகைச் சிப்களை ஓவர்கிளாக் செய்யலாமா?

எக்ஸ்3டி என்பது கூடுதல் கேஷை அடுக்கிச் செய்த ரைசன் வகை. ஓவர்கிளாக் செய்ய முடிவது தலைமுறையைப் பொறுத்தது. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பில் 64 மெகாபைட் கூடுதல் கேஷ் கோர்களின் மேல் அடுக்கப்பட்டிருந்தது. கோர்களின் சூடு அந்த அடுக்கைத் தாண்டித்தான் வெளியேற வேண்டியிருந்ததால் மல்டிபிளையர் பூட்டப்பட்டது. 7800எக்ஸ்3டியிலும் ஏறக்குறைய அதே கட்டுப்பாடு நீடித்தது; மின்னழுத்த வளைவைச் சற்றுக் குறைக்க மட்டும் அனுமதி இருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷ் அடுக்கைக் கோர்களின் கீழே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கோர்கள் கூலருக்கு நெருக்கமாக இருப்பதால் அடிப்படை வேகமும் பூஸ்ட் வேகமும் உயர்ந்தன, பூட்டும் அகன்றது. பூஸ்ட் எல்லையை 200 மெகாஹெர்ட்ஸ் உயர்த்தி 5.4 கிகாஹெர்ட்ஸை எட்டுவது இதில் நடைமுறையில் சாத்தியமே. ஆயினும் கேம்களில் இந்தச் சிப் முந்தி நிற்பதற்குக் காரணம், கூடுதல் அடுக்கையும் சேர்த்து 96 மெகாபைட் உள்ள மூன்றாம் நிலை கேஷ்தான். கூடுதல் 200 மெகாஹெர்ட்ஸின் பங்கு அதற்கு முன் மிகச் சிறியது.

வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது, சூடு மட்டும் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. 5.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் கேட்கும் ஒரு சிப்பை 5.3 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக 1.32 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 1.06 மடங்கு. மின்னழுத்தம் 1.1 மடங்கு, அதன் வர்க்கம் 1.21. இரண்டையும் பெருக்கினால் 1.28. அதாவது 6 சதவீத வேகத்துக்காக 28 சதவீதம் கூடுதல் மின்சாரம் செலவாகிறது. அவ்வளவும் சூடாகவே வெளிவருகிறது. சூடு ஏறினால் கசிவு மின்னோட்டமும் கூடும் என்பதால் நிஜத்தில் கணக்கு இதைவிட மோசமாகவே முடியும். தினமும் 4 மணி நேரம் முழு உழைப்பில் 50 வாட் கூடுதலாக இழுத்தால் ஓராண்டில் 73 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கிடைத்த பலனோடு சேர்த்து எடைபோட வேண்டிய தொகை.

மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இன்றைய சிப்களில் மிகவும் பயன் தரும் வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு சிப்கள் ஒன்றுபோல் வார்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு மின்னழுத்தம் தேவை என்ற வளைவை உற்பத்தியாளர் பாதுகாப்பு இடைவெளி வைத்தே பதிக்கிறார். உங்கள் கையில் இருக்கும் சிப்புக்கு அந்த இடைவெளி முழுவதும் தேவைப்படாமல் இருக்கலாம். வளைவைக் கீழிறக்கினால் அதே வேகத்துக்கு மின்சாரம் குறைகிறது. மிச்சமான வாட்டுகளை பூஸ்ட் அமைப்பு தானாகவே வேகமாக மாற்றிக்கொள்கிறது.

ரைசனில் இந்த வசதிக்குக் கர்வ் ஆப்டிமைசர் என்று பெயர். இதில் ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லா கோர்களுக்கும் மைனஸ் 15 என்று தொடங்கி, சில நாட்கள் வழக்கமான வேலைகளில் ஓடவிட்டு, பிறகு படிப்படியாக இறங்குவது நிதானமான முறை. சிப்பின் மிகச் சிறந்த கோர்கள் ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தத்தில், மிக உயர்ந்த வேகத்தில் ஓடுவதால், அவற்றுக்குத்தான் குறைப்பதற்கு இடம் குறைவு. சுமாரான கோர்கள் மைனஸ் 30ஐத் தாங்கும்போது சிறந்த கோர் மைனஸ் 10லேயே தடுமாறுவது வழக்கமாகக் காணப்படுவதே.

ரைசனில் எல்லா கோர்களுக்கும் ஒரே வேகத்தைக் கையால் பூட்டிவைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஒற்றைக் கோரில் பூஸ்ட் ஆகும் 9950எக்ஸ் போன்ற ஒரு சிப்பை எல்லா கோர்களிலும் 5.2 கிகாஹெர்ட்ஸில் பூட்டினால், ரெண்டரிங்கில் கொஞ்சம் லாபம் வந்தாலும், ஒற்றைக் கோரை நம்பியிருக்கும் அன்றாட வேலைகளிலும் கேம்களிலும் 500 மெகாஹெர்ட்ஸை இழந்திருப்பீர்கள்.

மெமரியை வேகப்படுத்துவதும் ஓவர்கிளாக்கிங்தானா? அதனால் பலன் உண்டா?

ஆம், இரண்டுக்கும். மெமரிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்ற வேகம், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொபைலை (மெமரியிலேயே பதித்திருக்கும் வேக அமைப்பு) இயக்கினால்தான் கிடைக்கும். இயக்காவிட்டால் அதே மெமரி 4800 அல்லது 5600இல் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் செய்யாமலேயே ஆண்டுக்கணக்கில் கணினியைப் பயன்படுத்துபவர்கள் ஏராளம். பிராசசரைத் தொடுவதற்கு முன் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ரைசன் 7000, 9000 வரிசைகளில் டிடிஆர்5-6000தான் பெரும்பாலானோருக்குப் பொருத்தமான இடம். அந்த வேகம் வரை மெமரியும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடும். அதைத் தாண்டி அதிகம் போனால் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவதால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வேகமான மெமரி சில கேம்களில் பின்தங்கவும் கூடும். வேகத்தைவிட, குறைந்த டைமிங்கை (மெமரி பதில் தர எடுக்கும் தாமதம்) தேடுவது இங்கே புத்திசாலித்தனம்.

2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையின் கதை வேறு. அது பல சிறு சில்லுகளை இணைத்துச் செய்த சிப். சில்லுகளுக்கு இடையிலான இணைப்பு 2.1 கிகாஹெர்ட்ஸில் மெதுவாக ஓடியதால் மெமரியை எட்டத் தாமதம் ஏற்பட்டு, கேம்களில் முந்தைய தலைமுறையைவிடப் பல நேரங்களில் பின்தங்கியது. 2025 ஏப்ரலில் இன்டெல்லே 200எஸ் பூஸ்ட் என்ற அமைப்பை அறிவித்தது. அது இந்த இணைப்பை 3.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் மெமரியை டிடிஆர்5-8000 வரையிலும் உயர்த்த அனுமதிக்கிறது, உத்தரவாதத்தையும் பாதிப்பதில்லை. கோர்களின் வேகத்தைத் தொடவே வேண்டாம். புதிய டெஸ்க்டாப் சிப்களில் ஓவர்கிளாக்கிங்கால் உண்மையான பலன் பெறும் இடங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

பணக் கணக்கில் பார்த்தால் ஓவர்கிளாக்கிங்குக்காகக் கூடுதல் செலவு செய்வது சரியா?

சிப்பின் விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. இன்டெல்லில் பூட்டில்லாத சிப்புக்கு ஒரு கூடுதல் விலை, இசட் வரிசை போர்டுக்கு ஒரு கூடுதல் விலை, பெரிய கூலருக்கு ஒரு விலை, தேவைப்பட்டால் பவர் சப்ளைக்கும் ஒன்று. இவற்றை ஒரு தாளில் கூட்டுங்கள். அந்தத் தொகையைச் சிப்பில் ஒரு படி மேலே செல்லவோ, கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி மேலே செல்லவோ செலவிட்டால் என்ன கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆறு கோரிலிருந்து எட்டு கோருக்குப் போவது பல கோர் வேலைகளில் தரும் உயர்வை, ஆறு கோர் சிப்பின் எந்த ஓவர்கிளாக்காலும் ஈடுகட்ட முடியாது. கேம்தான் முதன்மை என்றால், 4கே திரையில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டே எல்லையாக இருப்பதால் பிராசசரின் 5 சதவீத உயர்வு திரையில் தெரியாமலே போய்விடும்.

செலவில்லாமல் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொள்வதே பெரும்பாலானோருக்கு லாபமான வழி. மெமரி புரொபைலை இயக்குவது, மின்னழுத்த வளைவைக் குறைப்பது, நல்ல காற்றோட்டம் உள்ள நிலையில் மின்சார வரம்பைத் தளர்த்துவது ஆகிய மூன்றுக்கும் பணம் தேவையில்லை. ஏற்கெனவே வாங்கிய பொருளிலிருந்து இன்னும் கொஞ்சம் பெறுவது ஓவர்கிளாக்கிங்கின் தொடக்க நோக்கம்; அதற்கென்றே விலை உயர்ந்த போர்டை வாங்குவது அந்த நோக்கத்துக்கு நேர் எதிரானது. இந்தக் கலையை அதற்காகவே விரும்பிக் கற்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

9 கிகாஹெர்ட்ஸ் சாதனைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோமே?

2022 டிசம்பரில் கோர் ஐ9-13900கே ஒன்று திரவ ஹீலியத்தின் குளிரில் 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. சில நொடிகள் தாங்கினால் போதும் என்ற போட்டி அது. அன்றாடம் பயன்படுத்தும் கணினிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

கணினி நிலையாக ஓடுகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒரு முறை முடிந்துவிட்டது என்பதை வைத்து நிலையாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள். பிரைம்95, ஓசிசிடி போன்றவை முழுச் சுமையைச் சோதிக்கும். மெமரிக்கு மெம்டெஸ்ட்86 தனியாக வேண்டும். மின்னழுத்தத்தைக் குறைத்திருந்தால் ஆபத்து நேர்மாறான இடத்தில் ஒளிந்திருக்கும். முழுச் சுமையில் எல்லா கோர்களும் குறைந்த வேகத்தில் ஓடுவதால் சோதனையில் தேறிவிடும். இரவில் கணினி சும்மா இருக்கும்போது ஏதோ ஒரு பின்னணிப் பணிக்காக ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், அந்த நொடியில் மின்னழுத்தம் போதாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் லாகின் திரை காத்துக்கொண்டிருக்கும். இதைப் பிடிக்க, ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற கருவி உதவும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் பிழைப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் காணும் பிராசசர் ஏபிஐசி எண் எந்த கோர் தடுமாறியது என்று காட்டிக்கொடுக்கும். அந்த கோருக்கு மட்டும் ஐந்து படி மேலே ஏற்றினால் போதும்.

கோப்புகளைக் கையாளும் கணினி என்றால் மெமரிச் சோதனையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. மெமரிப் பிழை கணினியை நிறுத்தாமலேயே உங்கள் படங்களையும் ஆவணங்களையும் சத்தமின்றிக் கெடுத்துவிடும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் சிப்கள் பழுதானது ஓவர்கிளாக்கிங்கால்தானா?

ஓவர்கிளாக் செய்யாத கணினிகளிலும் அந்தச் சிக்கல் வந்தது. சிப் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு, அதனால் உள்சுற்றுகள் காலப்போக்கில் தேய்ந்ததாக 2024இல் இன்டெல் விளக்கியது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி ஆகிய மைக்ரோகோடு (சிப்பை இயக்கும் உள்மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டு, பெட்டியில் விற்ற சிப்களின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பல மதர்போர்டுகள் இன்டெல் குறித்த 253 வாட் வரம்பைத் தாமாகவே நீக்கி வைத்திருந்ததும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தச் சிப்களை வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்வதற்கு முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. மாற்றித்தான் வாங்க வேண்டும்.

சிப் கெட்டுப்போகுமா? உத்தரவாதம் என்ன ஆகும்?

வேகத்தால் சிப் சாவதில்லை. மின்னழுத்தமும் அதோடு சேர்ந்த வெப்பமும்தான் அதன் ஆயுளைத் தின்கின்றன. வெப்பத்துக்கு உள்ளேயே காவல் உண்டு: எக்ஸ்3டி அல்லாத ரைசன் 7000 வரிசைச் சிப்கள் 95 டிகிரியைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னழுத்தத்துக்கு அத்தகைய முழுமையான காவல் இல்லை. 2023 ஏப்ரலில் சில 7800எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டிலேயே கருகிய செய்திகள் வந்தபோது, மெமரி புரொபைலை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை (மெமரிக் கட்டுப்பாட்டுப் பகுதி உள்ள பாகத்துக்குச் செல்வது) அளவுக்கு மீறி உயர்த்தியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பின் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் நிறுத்தியது. ஆகவே பயாஸில் “ஆட்டோ” என்று இருக்கும் மின்னழுத்தங்களை அப்படியே நம்பாமல், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியில் உண்மையான அளவைப் பாருங்கள்.

உத்தரவாத விதிகளின்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இயக்கியதால் ஏற்படும் சேதத்தை இரு நிறுவனங்களும் ஏற்பதில்லை. 200எஸ் பூஸ்ட் ஒரு விதிவிலக்கு. ஓவர்கிளாக் செய்து கெடுத்த சிப்பையும் மாற்றித்தர இன்டெல் தனிக் கட்டணத்தில் நடத்திவந்த திட்டம் 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

தவறான மதிப்பைக் கொடுத்ததால் கணினி எழும்பவே இல்லை. என்ன செய்வது?

முதலில் காத்திருங்கள். டிடிஆர்5 மெமரி புதிய அமைப்பில் தன்னைப் பழக்கிக்கொள்ள முதல் முறை சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், இது பழுது இல்லை. அதற்குப் பிறகும் எழாவிட்டால் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, போர்டில் உள்ள கிளியர் சிமாஸ் பொத்தானை அழுத்துங்கள். பொத்தான் இல்லையென்றால் கையேட்டில் காட்டியுள்ள இரு முனைகளைச் சில நொடிகள் இணைத்துப் பிடியுங்கள், அல்லது நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வையுங்கள். எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு வேலை செய்த மதிப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றினால், எழும்பாமல் போனதற்கு எது காரணம் என்பதும் தெரிந்துவிடும்.